பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் டயரைப் பாருங்கள், வைப்பரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எர்த் ஒயரை, அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழியை, மட்டும் யாரும் சொல்வதில்லை. தூத்துக்குடியில் 27 வருடமாகக் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வீசுவது உப்பளத்துக் காற்று. போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்றைக்கும் என் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. போன மாதம் ஏரல் பக்கமிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். செல்ஃப் எடுக்கவில்லை, சாவியைத் திருகினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும். வேறொரு இடத்தில் புது பேட்டரி போட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றியிருந்தார்கள். 11,000 ரூபாய் செலவாகியும் வண்டி கிளம்பவில்லை. “பேசாம வித்துரட்டுமா தம்பி?” என்று அவர் கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, அவரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அந்த இடத்தில் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. 4 வோல்ட்டைத் தாண்டியது. அதற்குள் ஆக்சிலரேட்டர் கேபிள் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது.

இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதையும் பாடியையும் சேர்க்க, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று இருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட், இந்தக் காரில் அந்தப் பட்டை வழியாகப் பாடிக்குப் போய்த்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டையோ பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில்லாத கரண்ட், ஆக்சிலரேட்டர் கேபிளின் மெல்லிய கம்பிக்குள் புகுந்துவிட்டது. இப்படியே விட்டால் கேபிள் உருகி இறுகிப்போகும்; ஓடும்போது ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதுப் பட்டை போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி மாதிரி தகடு தெரிந்த பிறகு, பல் வாஷர் வைத்து முறுக்கி, அதற்கு மேல் கிரீஸ் தடவினேன். முதல் திருகிலேயே வண்டி உறுமியது. கூலியோடு சேர்த்து 400 ரூபாய்தான் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடுதல் லைட், ஹாரன், பாட்டு செட் மாட்டுகிறவர்கள் எர்த்தை ஏதோ ஒரு தகர ஸ்க்ரூவில், பெயின்ட்டின் மேலேயே சுற்றிவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதத்தில் அது துருப்பிடிக்கும். பின்பக்க லைட்டின் எர்த்தும் இப்படித்தான் கெடும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்கிறோமா திரும்புகிறோமா என்றே புரியாது. புதிய கார்கள் பலவற்றில் மைனஸ் டெர்மினலிலேயே பேட்டரியைக் கவனிக்கும் சென்சார் இருக்கிறது. அந்த வண்டிகளில் எர்த்தை நேராக டெர்மினலில் மாட்டினால் அதன் கணக்கே தப்பிப்போகும். கம்பெனி கொடுத்திருக்கும் பாடி போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேட்டரி போச்சு, மோட்டார் போச்சு என்று சொல்வதற்கு முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான். ஐடிஐயிலிருந்து என்னிடம் வரும் பையன்களுக்கு எர்த் என்றால் என்னவென்று தெரிகிறது, ஆனால் மீட்டரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதை அங்கேயே, உண்மையான வண்டியில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தங்கள் நாளிதழிலும் இதைப் பற்றிப் படத்துடன் ஒரு கட்டுரை வந்தால், கடலோர ஊர்க்காரர்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
முத்தையாபுரம், தூத்துக்குடி.