மார்வெல் காமிக்ஸ்ல வர்ற பனிஷர் ஃப்ராங்க் காசிலுக்கு, இன்னொரு அப்பன் எழுதுறது

ஃப்ராங்க்,

நேத்து நியூயார்க் சென்ட்ரல் பார்க் போயிருந்தோம், நானும் என் வீட்டுக்காரியும். நியூஜெர்சில இருந்து ட்ரெயின் ஏறுனா எவ்ளோ நேரம் ஆகப் போகுது, ஆனா இத்தன வருஷமா அந்தப் பக்கமே போகல. ராட்டினத்துக்கிட்ட உன் பொண்டாட்டியையும் பிள்ளைங்களையும் கேங்குக்காரங்க சுட்டத உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. காமிக்ஸ்ல அது பிக்னிக்தான், டிவிலதான் ராட்டினமா மாத்துனாங்க, எனக்கு உன்ன தெரிஞ்சதே டிவி வழியா, அதனால எனக்கு ராட்டினம்தான். 1908ல கையால செதுக்குன குதிரைங்க, மொத்தம் 57. கிட்ட போய் பாத்தா எல்லாத்துக்கும் வாய் தெறந்து பல்லு தெரியுது, கழுத்த ஒரு பக்கமா வெட்டி இழுத்துட்டு ஏதோ துரத்துற மாதிரியே ஓடுது. எங்க பாப்பா பாத்திருந்தா பயந்திருப்பா. இல்ல, பயந்துட்டு அதுலதான் ஏறுவேன்னு அடம் பிடிச்சிருப்பா.

பாப்பா போய் நேத்தோட எட்டு வருஷம். ஏழு வயசு. எப்படின்னு இங்க எழுதப் போறதில்ல. கார் ஓட்டுன பையனோட பேரும் எழுதல, அப்ப அவனுக்கு 19 வயசு, அவனுக்கும் ஒரு அம்மா இருக்காங்க, யாராவது இத மொழிபெயர்த்து அவங்க கைல குடுத்துடக் கூடாது. ஊர்ல இருந்து படிக்கிற சொந்தக்காரங்களுக்கும் இவ்ளோ போதும்.

அந்த முதல் வருஷம் எனக்கு உன்ன விட்டா யாருமே இல்ல ஃப்ராங்க். பொய் சொல்லல. வந்தவங்க எல்லாம் விதி, கர்மா, கடவுள் கிட்ட இருக்கான்னு என்னென்னமோ சொன்னாங்க, நீ மட்டும்தான் எதையும் ஏத்துக்கல. உன் நெஞ்சுல இருக்குற அந்த மண்டையோட்டு ஸ்டிக்கர் வாங்கி கார் பின்னாடி கண்ணாடில ஒட்டுனேன். அந்த கார எடுத்துட்டு போய் அந்தப் பையன் இருந்த தெருவுல நிறுத்திட்டு ராத்திரி உக்காந்திருப்பேன். கைல எதுவும் இருந்ததில்ல, வண்டிய விட்டு இறங்கினதும் இல்ல, அத தெளிவா சொல்லிடுறேன். அவங்க வீட்டு மாடில ஒரு லைட் அணையுற வரைக்கும் பாத்துட்டு வந்துடுவேன். அவன் தூங்குறானா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். அது அவ்ளோதானான்னு இப்பவும் எனக்கு உறுதியா சொல்லத் தெரியல.

ஒரு நாள் காலைல சத்தம் கேட்டு வெளிய வந்து பாத்தா, பனில நைட்டி மேல ஸ்வெட்டர் போட்டுட்டு இவ நிக்கிறா, தோசக் கரண்டிய வச்சு அந்த ஸ்டிக்கர சுரண்டிட்டு இருக்கா. பாதி மண்ட போயிடுச்சு, பல்லு மட்டும் நீளமா தொங்குது. நான் கத்துனேன். என்ன கத்துனேன்னு எழுத முடியாது, அவளும் இத படிப்பா. அவ திரும்பி கூட பாக்கல, நகத்தால மிச்சத்த எடுத்துட்டு உள்ள போயிட்டா. அப்புறம் 2019ல ஒரு காமிக்ஸ்ல, போலீஸ் வண்டில ஒட்டியிருந்த உன் ஸ்டிக்கர நீயே கிழிச்சு போட்டு, நான் செய்யுறத நீங்க செய்யாதீங்க, ரோல் மாடல் வேணும்னா கேப்டன் அமெரிக்கா இருக்கான்னு சொன்னியே, அத படிச்சப்ப எனக்கு உன் மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் அந்த ஸ்டிக்கரோட நான் சுத்துனேன்டா.

ஆனா இந்த லெட்டர் ஸ்டிக்கருக்காக இல்ல.

கல்லறைல அடிபட்டு ரத்தத்தோட சாஞ்சு உக்காந்துட்டு டேர்டெவில்ங்கிற முகமூடிக்காரன்கிட்ட நீ பேசுவியே, போர்ல இருந்து திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி என் பொண்ணு லிசா புக் படிக்க சொல்லி கேட்டா, அசதில நாளைக்குன்னு சொல்லிட்டேன்னு. அத எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஹால் லைட்ட அணைச்சுட்டு லாப்டாப்ல சவுண்ட கம்மியா வச்சு அதையே பாத்துட்டு இருக்கேன், இவ வந்து பின்னாடி நிக்கிறா. பாப்பாவோட ஸ்கூல் பேக் கைல. ஸ்கூல்ல இருந்து குடுத்து விட்டதுல இருந்து ஜிப் தெறக்காமலே பீரோ மேல இருந்துச்சு. "ஏங்க, இத தெறந்து பாக்கலாமா, எனக்கு தனியா முடியல"ன்னா. நான் லாப்டாப்ப கூட மூடல. பாஸ் மட்டும் பண்ணேன். நாளைக்கு பாக்கலாம்னு சொன்னேன்.

உன் மூஞ்சி ஸ்க்ரீன்ல அப்படியே நிக்குது ஃப்ராங்க், நீ லிசாவ பத்தி அழுதுட்டு இருக்க, நான் அத பாத்து அழுதுட்டு இருக்கேன், எம் பொண்ணோட அம்மா பைய தூக்கிட்டு ரூமுக்கு திரும்பி போறா. ஆபீஸ் இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் கூட தூங்காத நாள், அந்தப் பைய தெறந்தா நான் உடைஞ்சு போயிருப்பேன், காரணம் எல்லாம் இருக்கு. அவ மறுபடி கேக்கவே இல்ல.

உன்ன எழுதுனவங்க மேல எனக்கு இருக்குற பெரிய வருத்தம் இதுதான். 1974ல ஸ்பைடர்மேன் காமிக்ஸ் 129வது இதழ்ல நீ மொதல்ல வந்தப்ப உன் குடும்பத்த பத்தி ஒரு பேச்சும் கிடையாது, அடுத்த வருஷம்தான் அந்த பார்க் கதைய சொன்னாங்க. நீ துப்பாக்கி தூக்குனதுக்கு ஒரு காரணம் வேணும்னு லிசாவையும் சின்ன ஃப்ராங்கையும் கொண்டு வந்தாங்க, அந்தப் பிள்ளைங்க பொறந்ததே சாகுறதுக்குத்தான். அதாவது பரவால்ல. உன் பொண்டாட்டி மரியாவையும் ஏன் கொன்னாங்க? அவ உயிரோட இருந்திருந்தா நீ ராத்திரி வெளிய போயிருக்க முடியுமா? வீட்ல ஒருத்தி அடுப்பு முன்னாடி பால் பொங்கி வழியுறது தெரியாம நிக்கிறப்ப நீ எந்த கேங்க போய் சுட்டிருப்ப? உனக்கு யாரும் மிச்சம் இல்ல, அதனால உனக்கு சுலபமா போச்சு. எனக்கு மிச்சம் இருந்தா. நான் அவளும் செத்துட்ட மாதிரி வாழ்ந்தேன்.

தப்பா பேசுறேன்னா மன்னிச்சுக்கோ. உன் வலி சுலபம்னு சொல்ல வரல. நீ அந்த நேரத்துல இல்லாம இருந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல. நீ பேசுனதுனாலதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

நேத்து அவதான் குதிரைல ஏறுனா. அம்பது வயசுல, புடவையோட, ஒரு பக்கமா உக்காந்து. நான் வெளிய வேலிய புடிச்சுட்டு நின்னேன். ஒவ்வொரு சுத்துலயும் என்ன தாண்டுறப்ப கைய மட்டும் கொஞ்சம் தூக்குனா. ட்ரெயின்ல திரும்பி வர்றப்ப பேக்கோட அவ வந்து நின்ன அந்த ராத்திரி பேச்ச நானாதான் எடுத்தேன், ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "ம்"ன்னா. ரொம்ப நேரம் கழிச்சு, நெவார்க் தாண்டினதுக்கு அப்புறம், "நீங்க அந்தாள் அழுறதத்தான் பாத்தீங்க"ன்னு சொன்னா.

இப்ப ஹால்ல பாய் விரிச்சிருக்கா. பேக்க நடுவுல வச்சிருக்கா, ஜிப் துரு பிடிச்சிருக்கு, தேங்காண்ணெய் கிண்ணத்தோட உக்காந்து தடவிட்டு இருக்கா. என்ன கூப்பிடுறா.

போறேன் ஃப்ராங்க்.