மாதவிக்கு இரண்டு மதிப்பெண்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

போன பருவத் தேர்வின் சிலப்பதிகாரத் தாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து மதிப்பெண் வினா நீங்கள் அமைத்ததுதான். ‘கோவலனின் வீழ்ச்சிக்கு மாதவி காரணமானமையைச் சான்றுடன் விளக்குக.’ மதிப்பீட்டு முகாமில் அந்தக் கட்டுகளைத் திருத்தியவர்களில் நானும் ஒருத்தி.

அதில் ஒரு தாள். கையெழுத்து கொஞ்சம் கிறுக்கல். விடையின் முதல் வரியே ‘மாதவி காரணம் இல்லை’ என்றிருந்தது. அடுத்த வரியில் நேராகப் புறஞ்சேரி இறுத்த காதை. மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைக் கோவலன் படிக்கும் இடம். பெரியவர்களிடம்கூடச் சொல்லாமல் மனைவியோடு இரவோடு இரவாகக் கிளம்பும்படி நான் செய்த பிழை என்ன என்று மாதவி அதில் கேட்கிறாள். அவளுடைய முதல் ஓலையை வாங்கவே மறுத்த அதே கோவலன், இதைப் படித்ததும் ‘தன்தீது இலள்’, அவள்மேல் குற்றமில்லை, என்று தெளிகிறான். நடந்தது ‘என்தீது’, என் குற்றம்தான், என்று உணர்கிறான். இரண்டு தொடரையும் பிழையில்லாமல் எழுதி அந்த மாணவர் அடிக்கோடும் போட்டிருந்தார். நான் எட்டு போட்டேன். தலைமைத் தேர்வாளர் எட்டை அடித்துவிட்டு இரண்டு போட்டார். “விடைக்குறிப்புல இல்லையேம்மா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவளைக் கதையின் நாயகனே விடுவித்துவிட்டான். விடைக்குறிப்பு விடுவிக்கவில்லை.

அந்தக் குறிப்பில் இருந்த முதல் காரணம், மாதவியின் பொருளாசை. ஐயா, ஐந்து வயதில் பயிற்சிக்கு அனுப்பி, ஏழாண்டு ஆட்டிவைத்து, பன்னிரண்டு வயதில் அரசன் முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளை அவள். ஆடலில் தேர்ந்தவளுக்கு அரசன் தரும் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் கிடைக்கின்றன. இந்த மாலையை வாங்குபவன் இவளுக்கு உரியவன் என்று கூனி அதைப் பணக்கார இளைஞர்கள் திரியும் தெருவில் கொண்டுபோய் நிற்கிறாள். விற்றவள் கூனி, வாங்கியவன் கோவலன், விலை வைத்தது ஊர் வழக்கம். ஆசை மட்டும் மாதவிக்கு!

இன்னொரு காரணம், கடற்கரையில் இருவரும் பாடும் கானல்வரியில் அவள் வேறொருவனை நினைத்துப் பாடினாள் என்பது. யாழை முதலில் வாங்கிப் பாடியது யார்? வேறு பெண்ணின்மேல் மனம் வைத்தவன்போல அவன் பாடினான். அவளும் அதே போக்கில் திருப்பிப் பாடினாள். அவன் பாடினால் பாட்டு, அவள் பாடினால் துரோகம். சரி, பொறாமைப்பட்டு எழுந்து போன கோவலனை மன்னிக்கலாம். அவனுக்கு அப்போது மனம் சரியில்லை. உங்களுக்கு என்ன?

நீர்ப்படைக் காதையிலிருந்து இப்படி ஒரு வினா வந்து நான் பார்த்ததேயில்லை. மதுரையில் நடந்த செய்தி புகாருக்கு எட்டியதும் கோவலனின் அப்பா செல்வத்தைத் தானம் செய்துவிட்டுப் பௌத்த விகாரத்தில் சேர்கிறார். கண்ணகியின் அப்பா ஆசீவகத் துறவிகளிடம் போகிறார். இரண்டு அம்மாக்களும் செத்துப்போகிறார்கள். மதுரையில் அடைக்கலம் கொடுத்த பாவத்துக்கு மாதரி தீயில் இறங்குகிறாள். மதுரைவரை வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர் விடுகிறார். பாண்டிமாதேவியை விடுங்கள், அது எல்லாருக்கும் தெரியும். ஆண்களும் சாகத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோவலன் வெட்டுப்பட்டுச் சாகிறான், பாண்டியன் தன் தீர்ப்புப் பிழைத்ததால் சாகிறான். ஒன்று தனக்கு நடந்தது, இன்னொன்று தான் செய்தது. பெண்கள் சாவதற்கு வேறு யாருக்கோ ஏதோ நடந்தால் போதும். மாதவி மட்டும் சாகவில்லை. கூந்தலைக் களைந்து துறவு பூண்டு, மகள் மணிமேகலைக்குக் கணிகையர் கோலமே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். விடைக்குறிப்பில் இதற்கு அரை மதிப்பெண்கூட இல்லை.

உங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தபோது, கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஒரு தாய் சொன்னதை வாசகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. அவரே பிறகு, அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாவல் எழுதினார். அதில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை பாழாகிறது. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு. பிழைத்தவளுக்குக் கண்டனக் கடிதம், அழிந்தவளுக்கு விருது. நாவல் நல்ல நாவல், அது வேறு விஷயம். இரவு ஏழு மணித் தொடர்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

நான் கேட்க வந்தது சின்ன விஷயம். வினா வங்கியில் ‘காரணமானமையை விளக்குக’ என்று இருப்பதை ‘காரணமா? ஆராய்க’ என்று மாற்றுங்கள். இளங்கோவைத் திருத்தச் சொல்லவில்லை, ஒரு சொல்லைத்தான். காரணம் என்று எழுதும் மாணவர் தாராளமாக எழுதட்டும், மதிப்பெண்ணும் வாங்கட்டும். இல்லை என்பதற்கு நூலிலேயே சான்று காட்டுபவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

அப்புறம், அந்த ஆறு மதிப்பெண். தாளில் பெயர் கிடையாது, எழுதியது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. முகாமில் கொடுத்த எண் மட்டும்தான். அதைக் குறித்துவைப்பது விதிக்குப் புறம்பு என்று தெரிந்தே குறித்துவைத்திருக்கிறேன். தாளை மீண்டும் எடுத்துப் பார்க்க அன்புகூர்ந்து ஏற்பாடு செய்தால், எண்ணைத் தருகிறேன்.

பணிவுடன்,
ஒரு கௌரவ விரிவுரையாளர்