தெருப் பொங்கலுக்கு அண்டா வேண்டாம், பானைகள் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை முதல் நாளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தெருக்களிலும் பல வீட்டார் கூடிப் பொங்கல் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் பல இடங்களில் ஓர் அண்டாவை வாடகைக்கு எடுத்து, காஸ் அடுப்பில் ஏற்றி, கரண்டியைச் சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அண்டா பொங்குவதே இல்லை. வாய் அகன்ற பாத்திரத்தில் நுரை பரந்து உடைந்து அடங்கிவிடும். கழுத்து குறுகிய பானையில்தான் அது மேலேறி வழியும். பொங்காத அண்டாவைச் சுற்றி நின்று 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுவதைவிட, நாலைந்து வீட்டுக்கு ஒரு பானை என்று வரிசையாக வைக்கலாமே.

இது புதிய யோசனை அல்ல. சிவகங்கை மாவட்டம் நாட்டரசன்கோட்டையில், கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலில், தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாயன்று நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலில் குடும்பத்துக்கு ஒரு பானையாக வரிசை கட்டியிருக்கும். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். 'யார் முதலில்' என்று மனத்தாங்கல் வரும் குடியிருப்புகளுக்கும் இந்தச் சீட்டு கைகொடுக்கும்.

அளவுக்கு வருவோம். ஐந்து லிட்டர் கொள்ளும் பானை ஒன்றுக்கு அரைக் கிலோ பச்சரிசி, 125 கிராம் வறுத்த பாசிப்பருப்பு, 750 கிராம் வெல்லம், 150 கிராம் நெய். இதில் ஏறக்குறைய மூன்று கிலோ பொங்கல் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கரண்டி வீதம் இருபத்தைந்து பேருக்குப் போதும். நூறு பேர் என்றால் நான்கு பானை.

பொங்குவதற்கு வெறும் தண்ணீர் உதவாது. அரிசியை முதல் முறை கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதாகக் களைந்த நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்தும் பாலும் சேர்ந்துதான் நுரையை உடையாமல் தாங்குகின்றன. களைந்த நீர் மூன்றேகால் லிட்டர், பால் அரை லிட்டர் ஊற்றினால் பானையில் முக்கால் பாகம் நிற்கும். பலர் தவறுவது இங்கேதான்: வழிந்து வீணாகுமே என்று பாதிப் பானை ஊற்றுவார்கள், நுரை கழுத்தைத் தொடும் முன்பே தண்ணீர் வற்றிவிடும். நிறைய ஊற்றிப் பொங்கவிட்டு, பிறகு ஒரு லிட்டரை முகந்து தனியே வைத்துக்கொண்டு அரிசி பருப்பைப் போடுவதே சரி. முகந்த நீரை எறிந்துவிடக் கூடாது. அறுவடையான புது அரிசி குறைந்த நீரில் சீக்கிரம் குழைந்துவிடும். கிடங்கில் இருந்த பழைய அரிசி கூடுதலாக நீர் கேட்கும். அப்போது ஊற்ற வேண்டியது இந்தச் சூடான நீரைத்தான். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கும், மண்பானை விரிசலும் விடும்.

வெல்லத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரிசி விரலில் நசுங்கும் பதம் வருவதற்கு முன் வெல்லம் சேர்த்தால், அதன் பிறகு எத்தனை நேரம் எரித்தாலும் அரிசி வேகாது. நறுக்கரிசியாகவே நிற்கும். கொதிக்கும்போது வெல்லம் விழுந்தால் பாலும் திரிந்துபோகலாம். ஆகவே அரிசி நன்றாகக் குழைந்தபின் விறகைப் பாதி இழுத்துவிட்டு, வெல்லத்தைத் தனியே சிறிது நீரில் கரைத்து மண்ணும் சக்கையும் போக வடிகட்டி ஊற்ற வேண்டும். கடையில் பளீரென்ற மஞ்சள் வெல்லத்தைத் தேடிப் போகாதீர்கள். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கறுத்த வெல்லத்துக்கே மணமும் அதிகம். வெல்லம் சேர்ந்த பிறகு அடிப்பிடிப்பது மிக எளிது என்பதால் நீண்ட மரத்துடுப்பால் அடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மீறிப் பிடித்துவிட்டால் அடியைச் சுரண்டாமல், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. சுரண்டினால் கருகல் வாடை முழுவதிலும் ஏறிவிடும். பச்சைக் கற்பூரம் நான்கு பானைக்கும் சேர்த்தே ஒரு சிட்டிகைதான். கூடினால் கசக்கும்.

மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமான ஓசை வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, போகியன்றே கஞ்சித் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் ஒரு முறை கொதிக்கவிட்டால் கசிவு அடைபடும். கடையிலிருந்து வந்த பானையை நேராக அடுப்பில் ஏற்றுபவர்களுக்குத்தான் அது வெடிக்கிறது. பித்தளைப் பானையானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். வெளி அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி கழுவும்போது தானாக விட்டுவரும். கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டுவது பருத்தி நூலாக இருக்கட்டும். நைலான் கயிறு சூட்டில் உருகிப் பானையிலேயே ஒட்டும்.

டைல்ஸ் பதித்த முற்றத்தில் அடுப்பு மூட்டினால் டைல்ஸ் படபடவென்று வெடிக்கும். ஒரு சாண் உயரத்துக்கு மணல் கொட்டி, மேலே நன்கு காய்ந்த செங்கல் அடுக்குங்கள். ஈரக் கல்லும் சிமென்ட் கல்லும் சூட்டில் தெறிக்கும். தை மாதக் காலையில் பெரும்பாலும் வாடைக்காற்றுதான். எனவே அடுப்பு வாயை வடக்கு நோக்கி வைத்தால் தீ நன்றாகப் பிடிக்கும், எரிப்பவர் கண்ணில் புகை ஏறாது. சூரியனைப் பார்த்து கிழக்கு முகமாகக் கும்பிடுவதற்கு இது தடையல்ல. மேற்கிலும் வடக்கிலும் ஜனம் நிற்கலாம். தெற்குப் பக்கம் கோலமும் புகையும் மட்டும் இருக்கட்டும். குழந்தைகளை அடுப்புக்கு இரண்டு கெஜம் தள்ளி நிறுத்த வேண்டும். சிந்தெடிக் தாவணி, துப்பட்டா போட்டவர்கள் தீ தள்ளக் கூடாது. அணைக்க மணல்தான், சூடான பானைப் பக்கத்தில் வாளித் தண்ணீரை வீசக் கூடாது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. நாளிதழ்களில் பொங்கல் வைக்க உகந்த நேரம் வெளியாகிறது. அது ஒரு மணி நேரம்தான் என்றால், பல சங்கங்கள் அந்த நேரம் தொடங்கிய பிறகே கோலம் போட்டு, செங்கல் தேடி, விறகு பிளக்கின்றன. தண்ணீர் கொதித்துப் பொங்க விறகடுப்பில் சுமார் இருபத்தைந்து நிமிடம், அரிசி வேக இன்னொரு இருபத்தைந்து, வெல்லம் சேர்த்து இறக்கப் பதினைந்து ஆகும். முந்தின நாள் மாலையே அடுப்பு தயாராகியிருந்தால்தான் பானையை நேரத்தின் தொடக்கத்தில் ஏற்ற முடியும். தாங்கள் அட்டவணையோடு இந்த நிமிடக் கணக்கையும் இரண்டு வரியில் அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

கடைசியாக, நான்கு பானையிலும் சர்க்கரைப் பொங்கலே வைத்துவிடாதீர்கள். ஒன்றில் வெல்லம் சேர்க்காமல் வெறும் பால் பொங்கலாக இறக்கி, பூசணி, அவரை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், மொச்சை போட்ட புளிக்குழம்பு ஒரு சட்டி பக்கத்தில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் பந்தியில் உட்காருவார்கள். பால் சேர்ந்த பொங்கல் மாலைக்குள் புளிக்கத் தொடங்கும் என்பதால் மீதியை மதியத்துக்குள்ளேயே காவலாளி, துப்புரவுப் பணியாளர், பக்கத்துத் தெரு வீடுகள் என்று வாழை இலையில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்க உறுப்பினர்கள்,
சிவகங்கை மாவட்டம்.