தேர்வெழுதி வந்தவர் ஏறும் படி எதுவரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு வழக்கறிஞர் ஆவது எப்படி என்று வழிகாட்டும் குறிப்புகள் பலவற்றில் ஒரே குறை. தேர்வில் தேறிவிட்டால் அமர்வு நீதிமன்றம் வரை தானாக ஏறிவிடலாம் என்ற எண்ணத்தை அவை உண்டாக்குகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு வாசல்கள் இரண்டு.

நடுவர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் இரண்டாம் நிலை உதவி அரசு வழக்கறிஞரை டிஎன்பிஎஸ்சி தேர்ந்தெடுக்கிறது. சட்டப் பட்டத்தோடு குற்றவியல் நீதிமன்றத்தில் 5 ஆண்டு தொழில் அனுபவமும் வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்த நாளிலிருந்து ஆண்டை எண்ணிவிட்டு, சீனியரிடம் சிவில் கட்டுகளையே சுமந்தவர்கள் இங்கே இடறுவார்கள். ஆஜரான குற்ற வழக்குகளின் எண்ணை முதல் நாளிலிருந்தே குறித்து, வக்காலத்து நகலையும் பத்திரப்படுத்துவது நல்லது.

அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர் வருவது வேறு வாசல் வழியாக. 7 ஆண்டு தொழில் செய்தவர்களின் பட்டியலை, அமர்வு நீதிபதியைக் கலந்து மாவட்ட நடுவரான ஆட்சியர் தயாரிப்பார். அரசு அதிலிருந்து நியமிக்கும். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவது வழக்கம். (பட்டியலில் வருபவர்களிலும் திறமைசாலிகள் உண்டு, குறை முறையில்தான்.)

அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர்களுக்கு முறையான பணி வரிசை (cadre) உள்ள மாநிலத்தில் அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞரை அதிலிருந்துதான் நியமிக்க வேண்டும் என்கிறது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18(6) பிரிவு. ஆனால் அந்த வரிசை அரசு வழக்கறிஞர் பதவி வரை நீண்டிருந்தால்தான் இது பொருந்தும் என்று, இதே வாசகம் இருந்த பழைய சட்டத்தின் கீழ் 1990-இல் கே.ஜே. ஜான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே வரிசை அதுவரை நீளாததால், தேர்வெழுதி வந்தவர் இதை உரிமையாகக் கேட்க முடிவதில்லை.

நடுவர் நீதிமன்றம் கற்றுத்தருவது கொஞ்சமல்ல. கேமராப் பதிவைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63(4) பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்று இருக்கிறதா, அதன் இரண்டு பகுதிகளும் நிரப்பப்பட்டு ஹேஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எழுதப்பட்டிருக்கிறதா என்று குற்றப்பத்திரிகை வரும்போதே பார்க்க வேண்டும். சாட்சி பிறழ்ந்தால் நீதிமன்ற அனுமதியோடு குறுக்கு விசாரணை செய்து, போலீசிடம் முன்பு சொன்ன வாசகத்தை அப்படியே அவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், பின்னர் கூண்டேறும் விசாரணை அதிகாரியைக் கொண்டு அந்த வாசகத்தை நிரூபிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி விட்டுப்போனால் முரண்பாடு ஆவணத்துக்கு வராது; முன்னால் கேட்டதெல்லாம் வீண்.

இப்படிப் பழகியவருக்குப் பதவி உயர்வு என்றால் பெரும்பாலும் அரசுத் தரப்பு வழக்குகளைக் கவனிக்கும் இயக்ககத்தில் மேற்பார்வைக் கோப்புகள்தான். கொலை வழக்கில் எழுந்து வாதாடுவது பட்டியலில் வந்தவர். பணி விதிகளைத் திருத்தி, வரிசையை அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர் வரை அரசு நீட்டட்டும்; 18(6) பிரிவு அப்போது தானாகவே உயிர்பெறும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்