கார்டின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத்தில் வரும் கேமிங் லேப்டாப் விளம்பரங்களில் 'ஆர்டிஎக்ஸ் 4060' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கேம் படங்களை வரைந்து காட்டும் அந்தக் கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்டில் ஓடும் என்பது பொடி எழுத்தில்கூட இருக்காது. ஒரே கார்டு போட்ட இரண்டு லேப்டாப்புக்கு நடுவே பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தால், காரணம் பெரும்பாலும் இந்த வாட்டும் திரையும்தான்.

லேப்டாப்புக்கான 4060-ஐ 35 முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள, அதன் சிப்பை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் அனுமதிக்கிறது. மெல்லிய மாடல்கள் சூட்டைத் தாங்காது என்பதால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். அப்படி 45 வாட்டில் கட்டிப்போட்ட 4060-ஐ விட, 100 வாட் கிடைக்கும், ஒரு படி கீழேயுள்ள 4050 கார்டு பல கேம்களில் நன்றாகவே ஓடும். அதற்காக 4050-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது. அதில் வீடியோ மெமரி 6 ஜிபிதான், 4060-இல் 8. புதிய கேம்களில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கத்தை) கூட்டினால் 6 ஜிபி நிரம்பி, படம் திக்கித் திணறும். 100 வாட்டை ஒட்டிய 4060 கிடைத்தால் அதையே எடுங்கள். பிராசசரிடமிருந்து வாங்கும் பங்கையும் சேர்த்து 140 வாட் என்று சொன்னதும் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம். 100-க்கு மேல் இந்தச் சிப்பில் ஏறும் வேகம் சொற்பம்.

ஷோரூமில் வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதைப் பார்த்துவிடலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடது கீழ் மூலையில் உள்ள 'சிஸ்டம் இன்பர்மேஷன்' போனால் 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். பிராசசரிடமிருந்து தேவைக்கேற்ப வாங்கிக்கொள்ளும் பங்கும் அந்த எண்ணில் அடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திறந்து பார்க்க வழியில்லை என்றால் அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள். 20 வோல்ட், 6.75 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கி 135 வாட். பிராசசருக்கு 45 போய், திரைக்கும் பேனுக்கும் போக, கார்டுக்கு 100 எங்கிருந்து வரும்? 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட், தாராளம். செங்கல் போன்ற இந்த அடாப்டரையும் பையில் சுமக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பேட்டரியில் மட்டும் ஓட்டினால் எந்தக் கேமிங் லேப்டாப்பும் பாதி வேகத்தில் படுத்துவிடும்.

ராமைப் பொறுத்தவரை, 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா, இரண்டு எட்டாகவா என்று கேளுங்கள். ஒற்றை என்றால் வேகம் குறையும், ஆனால் காலி ஸ்லாட் இருந்தால் பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். திரைக்கு அந்த வசதி கிடையாது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகளில், '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றால் நிறம் வெளுத்திருக்கும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்றிருப்பதைத் தேடுங்கள். வீடியோ எடிட்டிங்கும் செய்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கார்டின் வாட் பெரும்பாலும் தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே 'டிஜிபி' என்ற பெயரில் இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் அந்த ஒரு எண்ணையும் அச்சிடும்படி விளம்பரம் தரும் கடைக்காரர்களிடம் தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்