நூலிழைத் திசுவும் கூடிப் பேசும் மருத்துவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுரையீரல் புற்றுநோயைப் பற்றி நாளேடுகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரு புதிய மருந்தையோ, கடினமான அறுவை சிகிச்சையைச் செய்து முடித்த ஒரு மருத்துவரையோ சுற்றியே அமைகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நோயாளிக்கு அந்தச் சிகிச்சைதான் ஏற்றது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது எழுதப்படுவதே இல்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுக்களைப் பதப்படுத்தி, சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றும் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி எடுக்கும் அந்த முடிவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் தெரிவது நிழல்தான். காசநோயும் பூஞ்சைத் தொற்றும் ஆறாத நிமோனியாவும் அதே போன்ற நிழலைக் காட்டக்கூடும் என்பதால், திசுவை எடுத்துப் பார்க்காமல் பெரும்பாலும் முடிவு சொல்ல முடியாது. அதை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே அந்த மருத்துவர் குழுவின் வேலை தொடங்கிவிடுகிறது. ஊசிக்கு எளிதில் எட்டும் இடம் நுரையீரல் கட்டியாக இருக்கலாம். ஆனால் சர்க்கரையை மிகுதியாக இழுக்கும் திசுக்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவே ஒரு நிணநீர்க் கணுவோ கல்லீரலில் ஒரு புள்ளியோ ஒளிர்ந்தால், பாதுகாப்பாக எட்ட முடியும் பட்சத்தில், அங்கேயே குத்தி எடுப்பதுதான் நல்லது. நோய் இன்னது என்பதும் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் ஒரே ஊசியில் தெரிந்துவிடும். ஸ்கேனைப் படிப்பவரும், மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தித் திசு எடுப்பவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டால்தான் இது நடக்கும்.

அப்படி எடுத்த திசு எங்கள் மேசைக்கு வரும்போது பழுப்பு நூல் துண்டு போலிருக்கும். தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். பார்மலினில் ஊறிய அதைப் பாரஃபின் மெழுகில் பதித்து 3 அல்லது 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவுவோம். முதல் சீவலிலேயே புற்றுநோய் என்று தெரிந்துவிடலாம். அடுத்து, அது சிறுசெல் வகையா, ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு வரும் மற்ற வகையா, அதற்குள்ளும் அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸ் வகையா என்று பார்க்க வேண்டும். பிறகு எந்த மருந்து பொருந்தும் என்று அறிய, இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களுக்கும், பி.டி.எல்.1 என்னும் புரதத்துக்கும் தனித்தனியே சோதனை உண்டு. எல்லாவற்றுக்கும் இருப்பது அந்த ஒரு நூல் துண்டுதான். வெளியே அதிகம் தெரியாத ஒரு விவரத்தையும் சொல்கிறேன். ஒருமுறை கழற்றி வைத்த மெழுகுக் கட்டியை மறுபடி இயந்திரத்தில் பொருத்தினால், கத்திக்குச் சமமாக வரும்வரை சில சீவல்கள் வீணாகத்தான் போகும். இன்று ஒரு சோதனை, அடுத்த வாரம் இன்னொன்று என்று மருத்துவர்கள் துண்டு துண்டாகக் கேட்டபோதெல்லாம், கடைசிச் சோதனைக்குத் திசு இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளி மறுபடியும் ஊசிக்குப் படுக்க வேண்டியதாயிற்று. எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து, வேண்டியவற்றை ஒரே தடவையில் கேட்ட இடங்களில் இந்தத் தொல்லை அரிது.

மருத்துவமனைகளில் ‘ட்யூமர் போர்டு’ என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டத்தில் நெஞ்சக மருத்துவர், அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ முதலிய மருந்துச் சிகிச்சை தருபவர், ஸ்கேன் நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் எல்லாரும் இருப்பார்கள். தகடுகளை எடுத்துக்கொண்டு போகும் சாக்கில் பின்வரிசையில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். கட்டியை வெட்டி எடுக்க முடியும் என்பார் ஒருவர். எடுத்த பிறகு மிஞ்சுகிற நுரையீரலைக் கொண்டு அவரால் மாடிப்படி ஏற முடியுமா என்பார் இன்னொருவர். மூச்சுத்திறன் சோதனையின் எண்கள் அந்த வழக்கைத் தீர்க்கும். முழு நுரையீரலையே அகற்றி இந்நோயை முதன்முதலில் வெற்றிகரமாக வென்றவர் அமெரிக்க மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம், ஆண்டு 1933. இன்றோ தொடக்க நிலையில் நுரையீரலின் பெரும் பிரிவான ஒரு மடலை மட்டும், சிறு கட்டியானால் அதிலும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அறுவையைத் தாங்க மாட்டாதவருக்குச் சில தவணைகளில் துல்லியக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் நாள் பிடிக்கும். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்திருக்கிறார்களே என்று உறவினர்கள் கொதிப்பதை ஆய்வகச் சன்னலில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் நோய் பரவிய நிலையில், மரபணு முடிவு வருமுன்னரே நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபியைத் தொடங்கிவிட்டால், பின்னர் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பது தெரிந்து அதற்குரிய ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறும்போது, நுரையீரலில் கடும் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அவசரம் இங்கே உதவி ஆகாது. சிறுசெல் வகை இதற்கு விலக்கு. அது விரைந்து பெருகும் என்பதால் சில நாள்களுக்குள் சிகிச்சையைத் தொடங்குவார்கள். முடிவே வராமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதையும் நான் நியாயப்படுத்தவில்லை.

அந்த மேசையில் பெரும்பாலும் காலியாகக் கிடந்த நாற்காலி, வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் ஆதரவு மருத்துவருடையது. எல்லாம் கைவிட்ட பிறகு கூப்பிட வேண்டியவர் அவர் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே உண்டு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்குத் தொடக்கத்திலிருந்தே அத்தகைய கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்ததை 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதன் பிறகும் அழைப்பு தாமதமாகத்தான் போகிறது.

தங்கள் நாளேட்டின் மருத்துவப் பக்கத்தில் இந்தக் கூட்டம் நடக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். தம் நோய் விவரம் ட்யூமர் போர்டில் வைக்கப்பட்டதா, அங்கே என்ன முடிவானது, மரபணுச் சோதனைக்குத் திசு மிச்சமிருக்கிறதா என்று நோயாளிகள் தயங்காமல் கேட்கலாம். வேறொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கையோடு மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். அதை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டாம், மெழுகு இளகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்