ஓ.பி. சீட்டில் ஒரு வரி சேருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தையொட்டி ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் நடந்த உறுதிமொழி நிகழ்ச்சிகளைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். ஹெல்மெட், தீயணைப்பு, முதலுதவி எல்லாம் பேசியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை துண்டானால் மறுநாளே ஊருக்குத் தெரிகிறது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போவது வீட்டுக்குள் மட்டும்தான் தெரிகிறது.

நான் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் 11 வருடம் கணக்கு எழுதியவன். என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வேறொரு பட்டறையில் ஸ்லாப்பின் ஓரம் தேய்ப்பவர். கிரைண்டரைக் கையில் பிடித்துக் குனிந்து, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கல்லைத் தேய்க்கும் வேலை. 22 வருடம் அதையே செய்தார். நாற்பதைத் தாண்டியதும் இருமல் வந்தது. அப்புறம் மாடிப்படி ஏறினால் இளைப்பு. சளியில் கிருமி தெரியவில்லை, ஆனால் எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது என்று இரண்டு தடவை ஆறாறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். வயது கேட்டார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள், பீடி பிடிப்பீர்களா என்று கேட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை.

நாலாவது இடத்தில் ஓர் இளம் டாக்டரம்மா அவருடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்ன வேலைங்க செய்றீங்க?" என்றார். "கல்லு வேலைம்மா" என்றார் மாமா. கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற பொருளின் தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் நோய், சிலிக்கோசிஸ். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் கேட்டது அன்றுதான்.

முதலில் கொடுத்த காசநோய் மாத்திரை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்று டாக்டரம்மாவே சொன்னார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் மறுநாளும் அதே கிரைண்டரைப் பிடிக்கப் போனாரே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்காதான். தேய்க்கும்போது புருவத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல் மாவு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள பொடிதான் நுரையீரலின் அடி அறைகள் வரை போய்விடுகிறது. அதை விழுங்கிச் சுத்தம் செய்ய வரும் செல்கள் செத்துப்போகின்றன, அந்த இடம் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். இறுகிப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. அதனால் தூசி கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கட்டர் மெஷினில் தண்ணீர் ஓடும். அதை விட்டது பிளேடு சூடாகிக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. கையால் தேய்க்கிற இடத்தில் தண்ணீர் கிடையாது. தரையில் ஓடிய கல் சேறு காய்ந்ததும் விளக்குமாற்றால் கூட்டுவார்கள், மொத்தமும் திரும்பக் கிளம்பும். சாயந்திரம் கம்ப்ரசர் காற்றை அடித்துச் சட்டையை உதறுவார்கள். அந்தச் சட்டையைத் துவைப்பது வீட்டிலிருக்கும் பெண்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நானே பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். துணி அந்தப் பொடியை நிறுத்தாது. பிளேடு வாங்கிய பில்லெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கிரைண்டரோ தூசி உறிஞ்சும் மோட்டாரோ வாங்கியதாக ஒரு பில்கூட இல்லை. இதை எழுதும்போது மனது கனக்கிறது.

கிரைண்டருக்குத் தண்ணீர், மூடிய இடத்தில் உறிஞ்சும் குழாய், ஈரத்தோடு தரை கழுவுவது, இவைதான் முதலில். பொடித் தூசியை வடிகட்டும் N95 மாஸ்க் அதற்கப்புறம். முதலாளிகள் பலரும் மாஸ்கில் தொடங்கி மாஸ்கிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இப்போது வீட்டுச் சமையலறைகளுக்குக் குவார்ட்ஸ் ஸ்லாப் என்று ஒன்று வருகிறது. செயற்கையாகச் செய்த கல். அதில் பல ரகங்களில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. இங்கே தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த பிளேடால் அறுக்கிறார்கள். உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால் ஒரு வாளித் தண்ணீராவது எடுத்துக் கொடுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் இந்த வேலைதான் செய்தேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? சின்னப் பட்டறைகளில் வருகைப் பதிவேடு கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் இருமலோடு ஊருக்குப் போய்விட்டால் அவர்கள் நம் கணக்கிலேயே வருவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே "என்ன வேலை, எத்தனை வருடம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். 1700-ஆம் ஆண்டு வாக்கிலேயே இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், நோயாளியிடம் உன் தொழில் என்ன என்றும் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கேட்க அரை நிமிஷம் ஆகாது. தேதியும் முத்திரையும் உள்ள அந்தச் சீட்டே நாளைக்குத் தொழிலாளிக்குச் சாட்சியாகவும் நிற்கும். பாலக்கோட்டில் தக்காளிக்கு மருந்து அடித்துவிட்டுத் தலைசுற்றலோடு வருபவருக்கும், கல் உடைக்கும் க்ரஷர் சத்தத்தில் காது மந்தமானவருக்கும் இதே வரி உதவும். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதைக்கூடப் பலரிடம் யாரும் சொன்னதில்லை.

நம் இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாரம் ஒரு நாள் தொழில்நோய்க்கென்று ஓ.பி. வைக்கலாம். ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து, சிலிக்கோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் என்று அறிவித்தது. தமிழக அரசும் அதைப் பார்க்க வேண்டும்.

மாமா இப்போது வேலைக்குப் போவதில்லை. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறார். "கல் பாலிஷ், 22 வருடம்" என்று அந்த டாக்டரம்மா தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.